சுழல் நிதி எத்தனை சுற்று வந்தது? கிராமீன் வங்கிக்குப் போன நன்கொடையின் கணக்கு

இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறிய அறக்கட்டளைக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் தன் பணிக்கொடையிலிருந்து ஐம்பதாயிரம் ரூபாயை மகளிர் குழுக்களுக்கென்று கொடுத்திருந்தார். ஒரு வருடம் கழித்து, குடையும் மஞ்சள் பையுமாக அலுவலகத்துக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"தம்பி, நான் கொடுத்தது அன்னதானம் இல்லை, இலை எடுத்ததும் முடிந்துபோவதற்கு. சுழல் நிதி. இதுவரை எத்தனை சுற்று வந்திருக்கிறது, சொல்லுங்கள்."

பேரேடு என் மடியில்தான் இருந்தது. திறக்கத் தயங்கினேன். "பார்த்துச் சொல்கிறேன் ஐயா" என்று சொல்லிவிட்டு டீ வாங்கி வரச் சொன்னேன்.

ஏழைக் குடும்பங்களுக்கான நுண்கடனுக்கு நன்கொடை குவிந்ததன் ரகசியம் அவருடைய அந்தக் கேள்வியில் இருக்கிறது. கொடுத்த பணம் கரையாது, ஒருத்தியிடமிருந்து திரும்பி அடுத்தவளுக்குப் போகும், ஒரு தரம் கொடுத்தால் தலைமுறைக்கும் போதும் என்ற எண்ணம் கொடுப்பவரைக் கவராமல் இருக்குமா? தர்மம் செய்த புண்ணியமும் உண்டு, முதல் பத்திரமாக இருக்கும் நிம்மதியும் உண்டு. உலகத்தில் இந்த எண்ணத்துக்கு மிகப் பெரிய சோதனைக்களமாக இருந்தது வங்கதேசத்தின் கிராமீன் வங்கி. அங்கே வந்த வெளிப்பணம் என்ன ஆனது என்று பார்த்தால் தலைமை ஆசிரியருக்குப் பதில் கிடைக்கும். அவர் எதிர்பார்த்த பதிலாக அது இருக்காது.

27 டாலரும் ஒரு கையெழுத்தும்

1974 பஞ்சத்தின்போது, பின்னாளில் கிராமீனைத் தொடங்கிய முகமது யூனுஸ் சிட்டகாங் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் கற்பித்துக்கொண்டிருந்தார். வளாகத்தை ஒட்டிய ஊர் ஜோப்ரா. அங்கே மூங்கில் மோடா பின்னும் ஒரு பெண்ணிடம் 1976-இல் பேச்சுக் கொடுத்தார். மூங்கில் வாங்க அவளிடம் காசு இல்லை. வியாபாரி கடன் கொடுப்பான்; பின்னி முடித்த மோடாவை அவனிடமே, அவன் சொன்ன விலைக்குக் கொடுத்துவிட வேண்டும். நாள் முழுவதும் குனிந்து பின்னினால் மிஞ்சுவது 50 பைசா. யூனுஸ் மாணவி ஒருவரை அனுப்பி, இப்படிச் சிக்கியிருப்பவர்களைக் கணக்கெடுக்கச் சொன்னார். 42 பேர். எல்லோருடைய தேவையும் சேர்ந்து 856 டக்கா, யூனுஸ் சொல்லும் கணக்கில் 27 டாலர். தன் பையிலிருந்தே எடுத்துக் கொடுத்தார்.

இந்த 27 டாலர் கதையை உலகம் சலிக்காமல் சொல்கிறது. அடுத்து நடந்ததை அவ்வளவாகச் சொல்வதில்லை. எனக்கு அடுத்ததுதான் முக்கியமாகப் படுகிறது. ஒவ்வொரு முறையும் பேராசிரியர் பையைத் துழாவிக்கொண்டிருக்க முடியாது என்று யூனுஸ் ஜனதா வங்கிக்குப் போனார். ஈடு இல்லாதவர்களுக்குக் கடன் இல்லை என்றார்கள். பல மாத இழுபறிக்குப் பிறகு, எல்லாக் கடனுக்கும் தானே ஜாமீன் என்று கையெழுத்துப் போட்ட பின்தான் பணம் வந்தது. அவர் அங்கே கொடுத்தது பணமே இல்லை. வங்கி எடுக்க அஞ்சிய ஆபத்தைத் தன் தலையில் வாங்கிக்கொண்டார்.

1979-இல் திட்டம் டாங்காயில் மாவட்டத்துக்கு விரிந்தது. அப்போது ஃபோர்டு அறக்கட்டளை செய்ததும் அதே வேலைதான், அளவு மட்டும் பெரிது. 8 லட்சம் டாலரை உத்தரவாத நிதியாகக் கொடுத்தது. கடன் திரும்பாவிட்டால் வங்கிகள் இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. பணம் லண்டனில் ஒரு வங்கிக் கணக்கில் கிடந்தது; அதைத் தொட வேண்டிய தேவையே வரவில்லை. ஒரு பெண்ணின் கைக்கும் போகாத அந்தப் பணம், வங்கி மேலாளர்கள் ராத்திரி நிம்மதியாகத் தூங்க உதவியது. கிராமீன் வரலாற்றில் மிகத் திறமையாகச் செலவழிக்கப்பட்ட நன்கொடை, செலவே ஆகாத இந்த நன்கொடைதான் என்பேன்.

1983-இல் தனிச் சட்டத்தின் மூலம் கிராமீன் வங்கியானது. பிறகு வந்ததெல்லாம் பெரிய பணம்: ரோமில் இருக்கும் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியம், நார்வே, ஸ்வீடன், கனடா, ஜெர்மனி. சில மானியம், சில மிகக் குறைந்த வட்டிக் கடன்.

கிஸ்தி

வங்காளத்தில் வாரத் தவணைக்குக் கிஸ்தி என்று பெயர். நம் பழைய நிலவரிக் கணக்குகளில் இருக்கும் அதே கிஸ்திதான். வரி கட்டிய தாத்தாக்களிடமிருந்து அந்தச் சொல் இங்கே கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. அங்கே ஒவ்வொரு வாரமும் புழங்குகிறது.

தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை. வாரத்தில் ஒரு நாள், காலையில் பெண்கள் வந்து பாயில் வரிசையாக உட்காருவார்கள். வரிசைக்கு ஐந்து பேர். அந்த ஐந்து பேர் ஒரு குழு. ஆறு, ஏழு, எட்டுக் குழு சேர்ந்தால் ஒரு மையம். வங்கி ஊழியர் சைக்கிளில் வருவார். அவர் முன்னால் பாஸ்புத்தகங்களும் கசங்கிய நோட்டுகளும் குவியும். யார் எவ்வளவு கட்டினார்கள், யார் கட்டவில்லை என்பது நாற்பது பேர் கண்முன்னால் நடக்கும். குழுவில் முதலில் இரண்டு பேருக்குக் கடன், அவர்கள் ஒழுங்காகக் கட்டினால் அடுத்த இருவருக்கு, கடைசியில் தலைவிக்கு. 1984-இல் வகுத்த 16 தீர்மானங்களையும் சொல்வார்கள்: காய்கறி பயிரிடுவோம், பிள்ளைகளைப் படிக்க வைப்போம், வரதட்சணை வாங்க மாட்டோம், கொடுக்கவும் மாட்டோம்.

கணக்கைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். 1,000 டக்கா கடன். வாரம் 20 டக்கா வீதம் 50 வாரம் கட்டினால் அசல் முடிந்தது. வட்டி சுமார் 100 டக்கா. 100-ஐ 1,000-த்துக்குப் பார்த்தால் 10 சதவீதம் போலத் தெரியும். ஆனால் அசல் வாராவாரம் குறைவதால், வருடம் முழுவதும் அவள் கையில் சராசரியாக இருப்பது 500 டக்காதான். ஆகவே வட்டி 20 சதவீதம். கடன் கொடுக்கும்போதே குழு நிதி என்று 5 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள். கையில் கிடைப்பது 950. நம் ஊர்த் தண்டல்காரர் பிடித்தம் போக நீட்டும் நோட்டுக்கட்டு ஞாபகம் வரும். ஆனால் இங்கே பிடித்த பணம் குழுவின் பெயரில் சேமிப்பாக நின்றது. ஊரில் வட்டிக்கு விடும் மகாஜனின் வட்டியோடு ஒப்பிட்டால் 20 சதவீதம் பெரிய விடுதலைதான்.

இப்போது மறுபக்கத்திலிருந்து பாருங்கள். அந்தப் பெண்ணிடமிருந்து வருடத்துக்கு வங்கிக்குக் கிடைப்பது 100 டக்கா. அதற்காக ஊழியர் 50 தடவை சைக்கிள் மிதித்திருக்கிறார். சம்பளம், கிளை வாடகை, பயிற்சி, ஊர் ஊராகப் போய்க் குழு சேர்த்த மாதங்கள், வராக்கடன், கடன் கொடுக்க வாங்கிய பணத்துக்கான வட்டி எல்லாவற்றையும் அந்த 100 தாங்குமா?

மீதி 65 டக்காவை யார் கட்டினார்கள்?

தாங்கவில்லை என்று பொருளாதார அறிஞர் ஜொனாதன் மோர்டக் 1999-இல் கணக்குப் போட்டுக் காட்டினார். 1985 முதல் 1996 வரை கிராமீன் தன் கணக்கில் காட்டிய லாபத்தைக் கூட்டினால் 15 லட்சம் டாலர். அதே காலத்தில் நேரடி மானியமாக மட்டும் வந்தது 1 கோடியே 64 லட்சம் டாலர். சந்தை வட்டியைவிட மலிவாகக் கிடைத்த கடன்களால் மிச்சமான தொகை அதைப்போல் பல மடங்கு. எல்லாவற்றையும் சேர்த்தால் உதவி சுமார் 17.5 கோடி டாலர். இந்த உதவி இல்லாமல் வங்கி தன் காலில் நிற்க வேண்டுமானால், வழக்கமான கடனுக்கு வாங்கும் வட்டி 20 சதவீதமாக இருந்தால் போதாது, ஏறத்தாழ 33 சதவீதமாக இருக்க வேண்டும் என்றார்.

இதை நம் 1,000 டக்கா கடனுக்குப் பொருத்திப் பார்த்தேன். சராசரி நிலுவை 500-க்கு 33 சதவீதம் என்றால் வட்டி 165. அவள் கட்டியது 100. மீதி 65 டக்காவை ஆஸ்லோவிலோ ஸ்டாக்ஹோமிலோ வரி கட்டிய யாரோ ஒருவர் கட்டியிருக்கிறார். கடனாகச் சுழன்ற 1,000 டக்கா திரும்பி வந்துவிட்டது, உண்மைதான். அதைச் சுழற்றிய 65 வரவே வராது. ஒவ்வொரு சுற்றுக்கும் புதிதாகப் போட வேண்டிய எண்ணெய் அது.

இது வெட்கப்பட வேண்டிய செய்தி இல்லை. 1996-இல் கிராமீனுக்கு இருபது லட்சம் உறுப்பினர்கள். 17.5 கோடி டாலரை அவர்கள் தலைக்கும் பன்னிரண்டு ஆண்டுக்கும் வகுத்தால் ஆளுக்கு ஆண்டுக்கு 7 டாலர் சொச்சம். தொடக்க ஆண்டுகளில் உறுப்பினர் குறைவு என்பதால் உண்மைத் தொகை இதைவிடக் கூடும். அப்படியும் ஒரு ஏழைக் குடும்பத்துக்கு இவ்வளவு சல்லிசாகப் பணச் சேவையைக் கொண்டுபோன வேறு திட்டங்கள் அதிகமில்லை. தவறு எங்கே என்றால், அதை உதவி என்று சொல்லாமல் மறைத்ததில். 'நாங்கள் தர்மம் செய்யவில்லை, வியாபாரம் செய்கிறோம்' என்ற பேச்சை உலகம் அப்படியே நம்பியது. பிறகு உண்மையான வியாபாரிகள் வந்தார்கள். ஏழைக்குக் கடன் கொடுத்து லாபம் பார்க்கலாம் என்று நம்பி வந்தவர்கள், ஆந்திராவில் 2010 வாக்கில் வசூல் கெடுபிடியில் என்ன செய்துவைத்தார்கள் என்பது நமக்குத் தெரிந்த கதை. அதை இங்கே இழுக்கவில்லை.

பலன் இருந்ததா?

1991-92-இல் வங்கதேசத்தில் எடுத்த கணக்கெடுப்பை வைத்து பிட், கண்ட்கர் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் 1998-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள்: பெண்ணுக்குக் கொடுத்த ஒவ்வொரு 100 டக்கா கடனுக்கும் குடும்பத்தின் ஆண்டுச் செலவு 18 டக்கா கூடுகிறது, ஆணுக்குக் கொடுத்தால் 11. இந்த 18-ஐ மேற்கோள் காட்டாத நன்கொடை வேண்டுகோளே இல்லை என்னும் நிலை வந்தது. பின்னர் டேவிட் ரூட்மேனும் அதே மோர்டக்கும் அந்தத் தரவை மறுபடி ஓட்டிப் பார்த்து, கடனால்தான் செலவு கூடியது என்று நிரூபிக்க இந்தத் தரவு போதாது என்றார்கள். முதல் இருவர் மறுத்தார்கள். சண்டை பல ஆண்டு நீடித்தது. இதற்கிடையில் இந்தியா, மெக்ஸிகோ, மொராக்கோ, மங்கோலியா, எத்தியோப்பியா, பாஸ்னியா ஆகிய ஆறு நாடுகளில், கடன் வசதி யாருக்கு என்பதைக் குலுக்கிப் போட்டுத் தீர்மானித்து நடத்திய சோதனைகள் 2015-இல் ஒன்றாக வெளிவந்தன. கடன் கிடைத்ததால் சிலர் தொழிலை விரித்தார்கள், சிலர் நிலையான பொருட்கள் வாங்கினார்கள், தேவையைக் கொஞ்சம் தங்கள் இஷ்டப்படி சமாளித்தார்கள். வறுமை மட்டும் கண்ணுக்குத் தெரிய விலகவில்லை.

எண்களைவிட எனக்கு மனதில் நிற்பவை இரண்டு காட்சிகள். 1984 முதல் கிராமீன் வீட்டுக்கடன் கொடுத்தது. அதில் நான்கு சிமெண்ட் தூண்கள், கூரைத் தகரம், ஒரு கழிப்பறைத் தளம். வெள்ளம் வந்து சுவர் கரைந்தாலும் தூணும் கூரையும் நிற்கும். நிபந்தனை ஒன்று: வீடு கட்டும் மனை பெண்ணின் பெயரில் இருக்க வேண்டும். 'தலாக்' என்று மூன்று முறை சொல்லிவிட்டால் தெருவில் நிற்க வேண்டியவள், இப்போது அவனைத் தெருவில் நிறுத்தலாம். கட்டடக்கலைக்கான ஆகா கான் விருது 1989-இல் இந்தத் திட்டத்துக்குக் கிடைத்தது. அந்த நாலு தூணுக்கு எவ்வளவு மானியம் போயிருந்தாலும் தகும்.

இன்னொரு காட்சி அதே கூரையைப் பற்றியது. தவணை கட்ட முடியாதவளின் வீட்டுக்குக் குழுப் பெண்களே போய், கூரைத் தகரத்தையும் பாத்திரம் பண்டத்தையும் எடுத்து விற்றுக் கிஸ்தியை அடைத்ததை மானுடவியலாளர் லாமியா கரீம் பதிவு செய்திருக்கிறார். வங்கதேசக் கிராமங்களில் இயங்கிய பல நுண்கடன் நிறுவனங்களையும் வைத்துச் சொன்னது இது. வீடு உடைப்பு என்றே அங்கே அதற்குப் பெயர் உண்டு. 98 சதவீதம் வசூல் என்று ஆண்டறிக்கையில் படித்த நன்கொடையாளருக்கு, அந்த எண்ணுக்குள் ஒரு கூரைத் தகரமும் இருக்கலாம் என்பது எப்படித் தெரியும்?

வெள்ளமும் நார்வேயும்

1995-இல் இனி நன்கொடை வாங்குவதில்லை என்று கிராமீன் முடிவெடுத்தது. ஏற்கெனவே ஒப்புக்கொண்டதில் கடைசித் தவணை 1998-இல் வந்தது. அந்த ஆண்டுதான் நாட்டில் பாதிக்கு மேல் மூழ்கடித்த பெருவெள்ளமும் வந்தது. மாதக்கணக்கில் தண்ணீர் நின்ற ஊரில் யார் கிஸ்தி கட்டுவது? வெள்ள நிவாரணமாகக் கொடுத்த புதுக் கடனும் பழைய கடனும் சேர்ந்து பலர் மையத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டார்கள். 50 வாரம், 50 தவணை என்ற இரும்புச் சட்டகம் அப்போதுதான் உடைந்தது. 2001-02 வாக்கில் திருத்திய முறையில், கட்ட முடியாதவர் தவணையை நீட்டித்துக்கொள்ளலாம் என்றானது. பொதுமக்களிடமிருந்து வைப்புத்தொகையும் திரட்டினார்கள். சில ஆண்டுகளில் வைப்பு, கடன் நிலுவையைத் தாண்டிவிட்டது. நன்கொடை இல்லாமல் வங்கி நின்றது உண்மையில் இதனால்தான். சுழல் நிதி சுழன்றதால் இல்லை.

நார்வே விவகாரம் தனிக் கூத்து. 1996-இல் கிராமீன் வங்கி தனக்கு வந்த நன்கொடை நிதியில் சுமார் 10 கோடி டாலரைக் கிராமீன் கல்யாண் என்ற சகோதர நிறுவனத்துக்கு மாற்றி, அதையே கடனாகத் திரும்ப வாங்கிக்கொண்டது. நார்வே ஆட்சேபித்தது, 1998-இல் 17 கோடி குரோனர் வங்கிக்குத் திரும்பியது. இதெல்லாம் 2010 நவம்பரில் ஒரு நார்வே தொலைக்காட்சி ஆவணப்படம் வரும்வரை வெளியில் பெரிதாகத் தெரியாது. நார்வே அரசு அவசரமாக விசாரித்து, பணம் தவறாகப் பயன்பட்டதற்கோ ஊழலுக்கோ ஆதாரம் இல்லை என்று டிசம்பரில் சொன்னது. ஆனாலும் அரசியல் சும்மா விடுமா? வயது வரம்பைக் காரணம் காட்டி, 2011 மார்ச்சில் யூனுஸை நிர்வாக இயக்குநர் பதவியிலிருந்து நீக்கினார்கள். அவரே 2024 ஆகஸ்டில் இடைக்கால அரசின் தலைவராக வந்தது வேறு கதை.

களவு நடக்கவில்லை என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் கணக்கு எழுதுகிறவன் கண்ணுக்கு இதில் ஒரு கேள்வி துருத்திக்கொண்டிருக்கிறது: ஒரு முறை சுழன்று திரும்பிய நன்கொடை யாருடையது? கொடுத்தவருடையதா, வங்கியுடையதா, அந்த வங்கியின் பங்குகளில் பெரும்பகுதியை வைத்திருக்கும் பெண்களுடையதா? முதல் சுற்றுக்கு நிபந்தனை எழுதுகிறார்கள். இரண்டாவது சுற்றுக்கு யாரும் எழுதுவதில்லை.

கடனே வேண்டாதவர்கள்

கடன் குழுவுக்குள் வராத ஒரு கூட்டம் எப்போதும் இருந்தது. கணவன் இல்லாதவள், நிலம் இல்லாதவள், வீட்டு வேலைக்குப் போகிறவள். குழுவில் மற்ற நாலு பேர் அவளைச் சேர்க்கத் தயங்குவார்கள். அவளுக்கும் கடனை நினைத்தாலே பயம். வங்கதேசத்தின் பெரிய தொண்டு நிறுவனமான பிராக் இவர்களுக்கென்று 2002-இல் தொடங்கிய திட்டத்தில் கடன் இல்லை. மாடோ ஆடோ இலவசமாகக் கொடுத்தார்கள். அதை விற்றுச் சாப்பிடாமல் இருக்கக் கொஞ்ச காலம் உதவித்தொகை. வாராவாரம் ஊழியர் வந்து மாட்டையும் பார்ப்பார், அவளையும் விசாரிப்பார். இரண்டு ஆண்டு. நான்கு ஆண்டு கழித்து அளந்தபோது அந்தப் பெண்களின் வருமானம் 21 சதவீதம் கூடியிருந்தது. வாரத்தில் சில நாள் கூலி, சில நாள் வீட்டு வேலை என்று அலைந்தவர்கள் மாடு வளர்ப்பவர்களாக மாறியிருந்தார்கள். இந்தியா உட்பட ஆறு நாடுகளில் இதே மாதிரியைச் சோதித்து 2015-இல் வெளியிட்டபோதும் முடிவு பொதுவாக நன்றாகவே இருந்தது. இந்தியச் சோதனை மேற்கு வங்கத்தில் நடந்தது.

கொடுத்த மாடு நன்கொடையாளருக்குத் திரும்பாது. சுழல் நிதி என்று எந்தப் படிவத்திலும் எழுத முடியாது. நன்கொடை திரட்டுகிறவர்களுக்கு இதுதான் சங்கடம்: எது நன்றாக வேலை செய்கிறதோ அதை விற்பது கஷ்டம்.

தருமபுரிக்குப் போன அதே நிதியம்

கிராமீனுக்குத் தொடக்கத்தில் கடன் கொடுத்த பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியம்தான் 1989-இல் தருமபுரிக்கும் வந்தது. தமிழ்நாட்டு மகளிர் சுய உதவிக் குழுக்களின் தொடக்கம் அந்தத் திட்டம். ஆனால் பணம் போன வழி வேறு. பெண்கள் முதலில் தாங்களே சேமித்தார்கள், அதில் உள்கடன் கொடுத்துக்கொண்டார்கள், தீர்மான நோட்டு எழுதப் பழகினார்கள். பிறகு கடன் கொடுத்தது இந்தியன் வங்கி. தொண்டு நிறுவனங்களுக்கு வந்த பணம் குழு அமைக்கவும் பயிற்சிக்கும் போனது. ஊக்குநர், பிரதிநிதி என்ற சொற்கள் ஊருக்குள் நுழைந்தது அப்படித்தான். மாநில அரசு 1997-98-இல் மகளிர் திட்டம் என்று எல்லா மாவட்டத்துக்கும் கொண்டுபோனபோது இந்த வழியைத்தான் பின்பற்றியது. கிராமீன் வழியைவிட இது மெதுவானது. பின்னாளில் அரசியலும் மானிய ஆசையும் இதற்குள் நுழைந்து பல குழுக்களைக் கெடுத்தன. ஆனாலும் அந்த 65 டக்காவை, அது கட்டணம்தான் என்று தெரிந்தே செலவழித்த வழி இது.

டீ வந்தது. தலைமை ஆசிரியர் ஆற்றிக் குடித்து முடிக்கும்வரை பேசவில்லை. வேறு வழியில்லாமல் பேரேட்டைத் திறந்து அவர் பக்கம் திருப்பினேன். அவருடைய ஐம்பதாயிரத்தில் இருபத்தெட்டாயிரம் கடனாகப் போயிருந்தது. மீதி அறக்கட்டளையின் தீர்மானப்படி ஊக்குநர் ஒருவருக்குப் பதினோரு மாதச் சம்பளம், பதிவேடுகள், ஒரு தகரப் பெட்டி, பழைய லேடீஸ் சைக்கிள் ஒன்று. அந்த ஊக்குநர் சேர்த்த பதினான்கு குழுக்களுக்கு வங்கிக் கடன் கிடைத்திருந்தது. அவர் கொடுத்ததைப்போல் பல மடங்கு அது. ஆனால் அந்தத் தொகை எங்கள் பேரேட்டில் வராது. வங்கியின் பேரேட்டில்தான் வரும்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரி வரியாக விரல் வைத்துப் படித்தார். சைக்கிள் என்ற இடத்தில் விரல் நின்றது.

"இது எங்கே இருக்கிறது?"

"குழுக் கூட்டத்துக்குப் போயிருக்கிறது ஐயா. நாலு மணிக்கு வந்துவிடும்."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டே முக்கால். குடையை மேசைக்கடியில் சாய்த்து வைத்துவிட்டு, இன்னொரு டீ கிடைக்குமா என்று கேட்டார்.